ஒரு முழு நிமிடம்

அரசு மருத்துவமனை வார்டுகளில் ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டோடும் டி.பி.ஆர். தாள் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் செவிலியர் வேளைதோறும் அதில் குறிக்க வேண்டும். வெப்பத்துக்கு வெப்பமானி உண்டு. நாடியை விரலில் மாட்டும் கருவியே சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றிய முதல் மூன்று ஆண்டுகளில் நான் நிரப்பிய தாள்களை இன்று யாராவது எடுத்துப் பார்த்தால், மூச்சுக்கான கட்டத்தில் 20, 20, 22, 20 என்றே வரிசையாக இருப்பதைக் காண்பார்கள். நாற்பது படுக்கைகளுக்கு இரவில் இரண்டு செவிலியர்கள் இருந்த வார்டு அது. அந்த எண்களில் பெரும்பாலானவை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. நோயாளியைப் பார்த்ததும் நன்றாகத்தான் இருக்கிறார் என்று மனம் சொன்னால், கை தானாகவே 20 என்று எழுதிவிடும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போனது ஒரே இரவில்.

2008 மார்கழி. பனி இறங்கிவிட்டால் மூச்சிரைப்பு நோயாளிகள் கூடிவிடுவார்கள். தரையிலும் பாய் விரிக்க வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல், சுண்ணாம்புக் காளவாசலில் பல ஆண்டுகள் வேலை பார்த்த, அறுபது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி பிடித்தவர். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, உதடுகளைக் குவித்து ஊதியபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு மூன்று மூச்சுகள் தேவைப்பட்டன. பணி மருத்துவர் நெபுலைசரும் ஊசியும் எழுதி, மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போனார்.

நாடியோடு இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் செறிவையும் (சாச்சுரேஷன்) சதவீதத்தில் சொல்லும் விரல்கருவி, நள்ளிரவு தாண்டியும் 87 காட்டிக்கொண்டிருந்தது. மகன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர், பக்கத்துப் பெட்டுக்கு 98 இருக்கு. எங்கப்பாவுக்குக் கொஞ்சம் கூட்டி வையுங்க" என்று அவர் மூன்றாவது முறையாகக் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மூச்சுக்குத் தவிப்பவருக்கு ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுப்பதில் என்ன கெடுதல் வந்துவிடும்? மூக்குக் குழாயை எடுத்துவிட்டு முகக்கவசம் மாட்டி, ஃப்ளோமீட்டரை 10 லிட்டரில் வைத்தேன். சிறிது நேரத்தில் கருவி 98 காட்டியது. மகன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாட்களாகக் கண் மூடாத தந்தை தலையணையில் சாய்ந்து உறங்கத் தொடங்கினார். நான் தாளில் 20 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன்.

நாலரை மணிக்கு மருந்து கொடுக்க எழுப்பியபோது அவர் எழவில்லை. நெற்றி வியர்த்திருந்தது, முகம் சிவந்திருந்தது, உள்ளங்கை கதகதப்பாக இருந்தது, நாடி விரலை முட்டித் தள்ளுவதுபோல் துள்ளியது. தோளைப் பிடித்து உலுக்கிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடியும் ஆழ்ந்துவிடுவார். அன்றுதான் முதன்முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். பத்து மூச்சு. விரல்கருவியோ அப்போதும் 98 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

நோய்ப் பாடத்தில் நான் படித்ததுதான் அது. சி.ஓ.பி.டி. எனப்படும் நெடுநாள் நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு, நுரையீரலில் காற்று சரியாகப் போய்வராத பகுதிகளுக்கு இரத்தம் செல்வதை உடலே குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்த இரத்தக் குழாய்கள் விரிந்துகொள்கின்றன. காற்றோட்டமில்லாத இடங்களுக்குப் பாயும் இரத்தம் கரியமில வாயுவை வெளியேற்றாமலேயே திரும்புகிறது. ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் கரியமில வாயுவை முன்போல் பிடித்துவைத்துக்கொள்ளவும் முடிவதில்லை. மூச்சைத் தூண்டும் உந்துதலும் ஓரளவு தளர்கிறது. இவை எல்லாம் சேர்ந்து இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, நோயாளி முதலில் தலைவலி என்பார், பிறகு குழம்புவார், பிறகு தூங்குவார். நான் நிம்மதியான தூக்கம் என்று நினைத்தது அந்த மயக்கத்தைத்தான்.

பதறிப்போய் ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்தப் போனேன். ஓடி வந்த மருத்துவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அப்படிச் சட்டென்று எடுத்தால் ஆக்சிஜன் முன்பிருந்ததைவிடவும் கீழே விழுந்துவிடும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். 28 சதவீத ஆக்சிஜன் தரும் வெள்ளை நிற வென்சுரி கவசத்துக்கு மாற்றி, தமனி இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, கவசம் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளி மூச்சுக்குத் துணைசெய்யும் பைபாப் கருவியில் போட்டோம். மறுநாள் மாலை அவர் கண் விழித்து மகனிடம் காப்பி கேட்டார். வீட்டுக்குப் போய் அழுதேன். என் தவற்றை மருத்துவரிடம் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை என்பதைவிட, ஆக்சிஜன் ஒரு மருந்து, கருவியின் எண்ணை எதுவரை கொண்டுபோகலாம் என்று எழுதாமல் அதைக் கொடுக்கச் சொன்னது தன் பிழையும்கூட என்று அவர் சொன்னதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

அதே 2008-இல்தான் பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் அவசரகால ஆக்சிஜன் பற்றிய வழிகாட்டியை வெளியிட்டிருந்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கு 94 முதல் 98 வரை, கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை என்பது அதன் கணக்கு. அப்படிப் பார்த்தால் அன்றிரவு என் நோயாளிக்கு இருந்த 87 ஏறத்தாழ அவருக்கு உரிய இடம். அரை லிட்டரோ ஒரு லிட்டரோ கூட்டியிருந்தால் போதும். 2010-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட 405 மூச்சுத்திணறல் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. ஆக்சிஜனைத் தாராளமாகப் பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேரும், அளந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேரும் இறந்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த ஒன்பதில் ஒருவராக ஆகியிருக்கக் கூடியவரை எனக்குத் தெரியும்.

அன்று முதல் மூச்சை முழு நிமிடம் எண்ணுகிறேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் வைத்திருப்பேன். முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் எப்போதும் இரட்டைப்படை எண்தான் வரும். வார்டில் எந்த டி.பி.ஆர். தாளை எடுத்தாலும் ஒற்றைப்படை எண்ணே இல்லாதிருந்தால், யாரும் முழு நிமிடம் நிற்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை மட்டுமா தெரிகிறது? கழுத்துத் தசைகள் ஏறி இறங்குவது, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவது, நெஞ்சு எழும்போது வயிறு எதிராக உள்ளே போவது, கழற்றிய மூக்குக் குழாய் தலையணைக்குக் கீழே கிடப்பது, வெந்நீர் பாட்டில் தொடப்படாமல் இருப்பது எல்லாம் தெரிகின்றன. வீசிங் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சு திடீரென்று அமைதியானால் அது நலம் பெற்றதன் அடையாளமாக இல்லாமல், காற்றே உள்ளே போகவில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

விரல்கருவியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஜப்பானியப் பொறியாளர் டகுவோ ஆவோயாகி 1970-களில் அதன் அடிப்படையைக் கண்டறிந்திராவிட்டால் எத்தனை உயிர்கள் சத்தமில்லாமல் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஆயினும் கை சில்லிட்டிருந்தால், விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் அது தடுமாறும். கருமை நிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு உறுதி செய்தது. கருவியில் சரியான எண் தெரிந்தும் இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. எங்கள் வார்டில் படுத்திருப்பவர்களின் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

எண்ணிக்கையும் ஏமாற்றும் என்பதை 2021 மே மாதம் கற்றுக்கொடுத்தது. கொரோனா இரண்டாம் அலையில், செல்பேசியில் வீட்டாரோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் விரலில் கருவியை மாட்டினால் 78 காட்டும். மூச்சு வாங்குவதாக அவர் சொல்லவே மாட்டார். அப்போது கருவிதான் எங்களுக்குக் கண்ணாக இருந்தது. ஒன்றை நம்பி மற்றொன்றை விட முடியாது. இரண்டையும் பார்த்துவிட்டு ஆளையும் பார்க்க வேண்டும். குப்புறப் படுக்கச் சொல்லி, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் தலையணை கொடுத்து, பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஊற்ற அவர்கள் பக்கத்தில் நின்ற அந்த வாரங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பைபாப் கவசம் மாட்டுவதும் இப்படிப் பொறுமை கேட்கும் வேலைதான். மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரின் முகத்தை இறுக்கி மூடி, வேகமாகக் காற்றை உள்ளே தள்ளினால் யாருக்கும் பயம் வரும், பிடுங்கி எறிவார்கள். நான் முதலில் வாரைக் கட்டுவதே இல்லை. கவசத்தை அவர் கையாலேயே முகத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, என் கையை அவர் கைமேல் வைத்து, "ஐயா, காத்து வரும்போது கூடவே இழுங்க, நான் இங்கேயேதான் நிக்கிறேன்" என்று சொல்வேன். ஐந்தாறு நிமிடங்களில் பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். அதன் பிறகு மூக்குத் தண்டில் புண் வராமல் ஒட்டுப்பட்டை வைப்பதும், இடையிடையே கழற்றி வாயை நனைப்பதும், வயிறு உப்புகிறதா என்று பார்ப்பதும் தொடரும். தலைப்பக்கம் உயர்த்தி, மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் மூச்சுத்திணறலின் தவிப்பு குறைகிறது. வீட்டில் பெரியவர்கள் விசிறிக் காற்றுக் கேட்பது வெறும் வழக்கம் இல்லை.

பெண்கள் வார்டுக்கு மாறிய பிறகு இன்னொன்று தெரிந்தது. ஒருநாள்கூடப் புகைபிடிக்காத அம்மாக்களுக்கும் இதே நோய். ஜன்னல் இல்லாத சமையலறையில், ஈர விறகையும் வரட்டியையும் ஊதி ஊதி எரித்து, நாற்பது ஆண்டுகள் ஆக்கிப் போட்டவர்கள். கேஸ் ஷீட்டில் புகைப்பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கும்; அடுப்பு எது என்று கேட்கும் கட்டம் இருக்காது. நான் கேட்டு எழுதி வைப்பேன். கேஸ் அடுப்பு வந்த வீடுகளிலும் வெந்நீர் போட இன்னும் விறகுதான். "மதியம் மட்டும்தான் சிஸ்டரம்மா" என்று ஒருவர் சொல்வார். அந்த மதியத்தைப் பற்றித்தான் அவரிடமும் மருமகளிடமும் அரைமணி நேரம் பேச வேண்டியிருக்கும்.

அவர்களில் ஒருவர் மூன்று மாதங்களில் மூன்று முறை உள்நோயாளியாக வந்தார். மருந்தைத் தவறாமல் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். போட்டுக் காட்டச் சொன்னேன். உறிஞ்சும் கருவியில் வைக்க வேண்டிய கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மூன்று மாதங்களாக நுரையீரலுக்குப் போகவேண்டிய தூள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. மாத்திரை என்றால் விழுங்குவது என்றுதானே அவருக்குத் தெரியும்? மருந்துக் கடையிலும் எங்கள் மருந்தகச் சாளரத்திலும் அவருக்கு யாரும் போட்டுக் காட்டியிருக்கவில்லை. அதன்பின் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவரையும் என் முன்னால் இரண்டு முறை செய்துகாட்ட வைக்கிறேன்: மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிக் கவ்வி, இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவது. பம்பு வைத்தால் பழகிவிடும் என்ற பயத்தையும் அப்போதுதான் பேசித் தீர்க்க முடிகிறது.

2022-இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தபோது, புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவர்களில் யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பதற்கு வைத்த அளவுகோல்கள் எனக்கு நெருக்கமாக இருந்தன: மிகக் கடுமையான மெலிவு, பிடிக்காமல் நிற்க முடியாமை, ஆக்சிஜன் 94-க்குக் கீழ், மூச்சு 24-க்கு மேல். களப்பணியாளர் ஒருவர் எடைக்கருவியும் கடிகாரமும் கொண்டு உயிரைக் காக்கலாம் என்பது அதன் பொருள். ஆனால் அந்த 24 என்ற எல்லை, எண்ணாமல் 20 என்று எழுதும் கைகளுக்கு எட்டாது.

இப்போது எங்கள் வார்டுக்குச் செவிலியர் கல்லூரி மாணவிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். விநாடி முள் ஓடும் கடிகாரம் ஒன்றை நானே வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சென்ற மாதம் நைட் டூட்டியில், மூன்று மணி இருக்கும், ஒரு மாணவி மேசைக்கு வந்து தயங்கி நின்றாள். "சிஸ்டர், பதினேழாவது பெட் அம்மா தூங்கறாங்க. சாச்சுரேஷன் 91. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பன்னெண்டு மணிக்கு எண்ணும்போது 27. இப்ப 13தான் வருது. ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்றாள். நான் எழுவதற்குள் அவள் அந்தக் கட்டிலுக்குத் திரும்பி, அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி எழுப்பத் தொடங்கியிருந்தாள்.