2,000 கி.மீ. குவாண்டம் சாவி: இடிக்கிற இடம் எது?

தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். செய்திகளில் கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) எண்ணிக்கைதான் ஓடுகிறது: 50 முதல் 1,000 வரை. எனக்கென்னவோ, நகரங்களுக்கிடையே 2,000 கி.மீ. குவாண்டம் சாவிப் பகிர்வு என்ற இலக்குதான் சுவாரசியம்: செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய பிட் வரிசையை, அதாவது சாவியை, ஃபோட்டான் என்ற ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்புவது. குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸ், அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட்டுடன் சேர்ந்து.

1,550 நானோமீட்டர் ஒளிக்குக் கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு (10 டெசிபெல் என்றால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும்). 100 கி.மீ. போனால் நூறு ஃபோட்டானில் ஒன்றுதான் மறுமுனை சேரும். 500 கி.மீ. என்றால் ஆயிரம் கோடியில் ஒன்று! நடுவில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் போட வழியில்லை. பெருக்குவது என்றால் பிரதி எடுப்பது. தெரியாத குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாது.

அதனால் வழிநெடுக 'நம்பிக்கை முனைகள்' வைப்பார்கள். ஒவ்வொரு முனையிலும் சாவி சாதாரண பிட்டாக வெளியே வந்து, அடுத்த துண்டின் சாவியோடு எக்ஸ்-ஆர் செய்யப்பட்டு (பிட்டுக்குப் பிட் கலந்து மறைக்கப்பட்டு) நகரும். அந்த அறைக்குள் ஆள் புகுந்தால் இயற்பியல் காப்பாற்றாது, பூட்டுதான் காப்பாற்ற வேண்டும். ("உடைக்கவே முடியாது" என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.) குவாண்டம் நிலையை அப்படியே பிடித்து வைக்கும் நினைவகம் கொண்ட ரிப்பீட்டர் (இடைநிலைக் கருவி) வந்தால் இந்தத் தொல்லை தீரும், அந்த நினைவகமும் மிஷனின் இலக்குகளில் உண்டு.

இன்னொன்று: பிபி84 என்ற சாவிப் பகிர்வு முறையில் பிழை விகிதம் சுமார் 11 சதவீதத்தைத் தாண்டினால் சாவியைத் தூக்கிப்போட வேண்டும். நடுவில் யாராவது ஃபோட்டானை அளந்து ஒட்டுக்கேட்டால் பிழை ஏறும். ஆனால் பிழை என்றாலே ஒட்டுக்கேட்பு என்றில்லை. ஃபோட்டானை உணரும் டிடெக்டர் இருட்டிலும் தானாகத் துடிக்கும். அதே இழையில் ஓடும் இணைய சிக்னலின் ராமன் சிதறலும் (கண்ணாடியில் பட்டு வேறு அலைநீளத்துக்கு மாறிச் சிதறும் ஒளி) உள்ளே கசியும். இந்தக் கசிவைத் தவிர்க்கத்தான் தனி இழை கேட்கிறார்கள்.