வியர்த்த கைக்குள் ஒரு சிக்னல்

முழங்கைக்குக் கீழே கை இழந்தவர்களுக்கான செயற்கைக் கையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். தோல் மீதுள்ள மின்முனைகள் பிடிக்கும் தசையின் மின் சிக்னல்தான் அந்தக் கையை இயக்குகிறது; அது சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது. பயன்படும் பகுதி ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸ். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வடிகட்டிவிட்டோம். ஆய்வகத்தில் கை சொன்னபடி மூடியது, திறந்தது.

அணிந்து பார்க்க வந்த அக்கா அரை மணி நேரத்தில், "தம்பி, உள்ளே வியர்த்துப்போச்சு. இனிமே இது நான் சொல்றதைக் கேட்காது" என்றார். உண்மைதான். வியர்வையில் தோலின் மின்தடை மாறுகிறது, சாக்கெட் (மீதமுள்ள கையை உள்ளே நுழைக்கும் உறை) நழுவுகிறது, மின்முனை இடம் பெயர்கிறது. (கையை உயர்த்தினாலே சிக்னல் மாறுவது தனிக் கதை.) மாதக்கணக்காக அல்காரிதத்திலேயே கிடந்த நான், இப்போது சாக்கெட்டின் உள்பூச்சைத்தான் ஆராய்கிறேன். அடுத்த வாரம் அவர் மறுபடி வருகிறார். முதலில் படியேறி இறங்கி வியர்க்கட்டும், பிறகு சோதனை.