குதிகால் வலிக்கு பிஆர்பி ஊசி: போட்டா ஓடலாமா?

காம்ரேட்ஸ்ங்கற ஓட்டப்பந்தயத்துல ஓடுற பைத்தியம், தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற எங்க சாட்ஸ்வர்த்ல தெருவுக்கு ஒண்ணாவது இருக்கும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துல முடிக்கணும், 1921-ல ஆரம்பிச்ச கூத்து இது. டர்பன்ல இருந்து மேல ஏறுற வருஷம்னா கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாணும்தான் அடி வாங்கும், கடைசில பாலி ஷார்ட்ஸ் ஏத்தம் இருக்கே, அங்க பாதி பேரு நடக்கத்தான் செய்றாங்க. எங்க அத்தானுக்கு அக்கிலிஸ் டெண்டன், அதான் அந்த தசைநாண், வீங்கிப்போய் காலைல கட்டில்ல இருந்து இறங்கினா செவுத்த பிடிச்சிட்டுதான் நடப்பாரு. கிளப்ல யாரோ பிஆர்பி (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா, நம்ம ரத்தத்துல இருந்தே எடுத்து போடுற ஊசி) போடுங்க சீக்கிரம் ஓடிடலாம்னு கிளப்பிவிட, மெடிக்கல் எய்ட்ல, அதான் மருத்துவ காப்பீட்டுல, காசு தரமாட்டோம்னு சொன்னப்புறமும் கைக்காசு போட்டு கிளம்பிட்டாரு, துணைக்கு நான்.

கைல ரத்தம் எடுத்து ட்யூபோட சென்ட்ரிஃப்யூஜ்ல வெச்சு சுத்த விடுறாங்க. வெளிய எடுத்தா அடியில செவப்பு, நடுவுல வெள்ளையா மெல்லிசா ஒரு படலம், மேல வெளிர் மஞ்சள் தண்ணி. பிளேட்லெட், அதான் ரத்தத்த உறைய வைக்கிற அணுக்கள், அதிகமா இருக்கற பாகத்த மட்டும் இழுத்து, அல்ட்ராசவுண்ட்ல பாத்துக்கிட்டே வலிக்கிற இடத்துல போடுறாங்க. பிளேட்லெட்ல இருந்து வர்ற க்ரோத் ஃபேக்டர்ங்கற வளர்ச்சிய தூண்டுற புரதம் டெண்டன ஆத்தும்ங்கறது கணக்கு, கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா 2021-ல ஜாமாங்கற மருத்துவ பத்திரிகைல வந்த பிரிட்டன் ஆராய்ச்சில, நாள்பட்ட அக்கிலிஸ் வலி இருந்த 240 பேர்ல ஒரு பாதிக்கு பிஆர்பி, இன்னொரு பாதிக்கு ஒண்ணுமே ஏத்தாம சும்மா தோல்ல ஊசிய குத்தி எடுத்தது, ஆறு மாசம் கழிச்சு பாத்தா சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல. அதே வருஷம் ஆஸ்திரேலியால முட்டி தேய்மானம் இருக்கற 288 பேருக்கு பண்ணதுலயும் உப்புத்தண்ணி ஊசிய விட பிஆர்பி வலிய பெருசா குறைக்கல. டென்னிஸ் எல்போக்கு மட்டும் நெதர்லாந்துல 100 பேர வெச்சு பண்ணதுல ஒரு வருஷம் கழிச்சு ஸ்டீராய்டு ஊசிய விட பிஆர்பி நல்லாருந்துச்சு. ஆனா ஸ்டீராய்டே முதல்ல சுகம் காட்டிட்டு அப்புறம் கவுத்துவிடுற ஆளு, அத ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பானு எனக்கு தோணும்.

ஊசியோட சேத்து அத்தானுக்கு பிசியோதெரபிஸ்ட் குடுத்த பயிற்சிக்கு காசே இல்ல. படிக்கட்டு நுனில முன்பாதத்த வெச்சு ரெண்டு கால்லயும் எம்பணும், அப்புறம் வலிக்கிற கால்ல மட்டும் வெயிட்ட போட்டு குதிகால மெதுவா படிக்கு கீழ இறக்கணும். முட்டி நேரா 15 தடவை மூணு செட், முட்டி மடக்கி அதே மாதிரி, காலையும் சாயங்காலமும், 12 வாரம். ஸ்வீடன்ல ஆல்ஃப்ரெட்சன்ங்கற டாக்டர் 1998-ல எழுதினது, இன்னைக்கும் பிசியோங்க முதல்ல சொல்றது இந்த மாதிரி பயிற்சிதான்.

அத்தான் இப்ப பழையபடி ஓடுறாரு, எல்லாம் ஊசியோட புண்ணியம்னு கிளப் பூரா சொல்லிட்டு திரியுறாரு, ரெண்டையும் சேத்து பண்ணிட்டு எது வேலை செஞ்சுதுன்னு எப்படி சொல்றது? அப்படியும் போடத்தான் போறீங்கன்னா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறத டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ஊசி போட்ட இடம் ரெண்டு மூணு நாள் இன்னும் கூடத்தான் வலிக்கும், அப்ப புரூஃபென் மாதிரி வலி மாத்திரை பக்கம் கைய கொண்டுபோகாதீங்க, பிளேட்லெட் வேலைய அது கெடுத்துடும்னு பாரசிட்டமால்தான் குடுப்பாங்க.