ஜெர்மாட் போனோம், காத்துகிட்ட தோத்தோம்

கல்யாண நாளுக்கு இந்த வருஷமாவது உருப்படியா எங்கயாவது போகணும்னு ஜனவரில மூணு நாள் சுவிட்சர்லாந்துல பனிச்சறுக்கு ஊரான ஜெர்மாட் போட்டோம். செலவைச் சொன்னா அம்மா போன்லயே மயங்கி விழுந்துடுவாங்க, அதனால இங்கயும் சொல்லல.

ஸ்டுட்கார்ட்லேர்ந்து கார்ல. பாஸல், பெர்ன் தாண்டி காண்டர்ஷ்டெக் வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. அங்க காரை அப்படியே ரயில்ல ஏத்திட்டு நாம காருக்குள்ளயே உக்காந்து மலையைக் குடைஞ்ச சுரங்கத்துல போகணும், கால் மணி நேர வேலைதான், ஆனா சனிக்கிழமை மதியம் போனா வரிசைல நிக்கிற நேரத்தைக் கேக்காதீங்க. சனிக்கிழமை ஊருக்கே ரூம் மாத்துற நாள்னு அப்ப தெரியல.

ஜெர்மாட்டுக்குள்ள பெட்ரோல் கார் விடமாட்டாங்க, பக்கத்து ஊர் டேஷ்ல பார்க் பண்ணிட்டு 12 நிமிஷம் ஷட்டில் ரயில். லக்கேஜ் தள்ளுவண்டியை அப்படியே ரயிலுக்குள்ள உருட்டிட்டுப் போகலாம்ங்கிறத நாங்க நாலு பையையும் தூக்கிச் சுமந்து ஏத்தினதுக்கு அப்புறம்தான் பாத்தோம். லேட்டானதால ஹோட்டல் எலக்ட்ரிக் வண்டி வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சாம். லேட்டாகும்னா ஒரு போன் போட்டுருங்க, நாங்க போடல.

இப்ப மெயின் மேட்டர். வீட்டுக்காரருக்கு ஒரே ஆசை, ஸ்கீ பண்ணி பார்டர் தாண்டி இத்தாலி பக்கம் செர்வினியால மதிய சாப்பாடு சாப்பிடணும். "ஏங்க, நாம ரெண்டு பேரும் நேரா நிக்கவே கத்துக்கல, இத்தாலி எதுக்கு"ன்னேன். கேக்கல. மலை மேல ஏத்துற லிஃப்டுக்கு ரெண்டு நாடும் சேர்ந்த பாஸ், சாதா பாஸை விட அதிக விலை, ஏதோ ஒரு சைட்ல மலிவா கிடைக்குதுன்னு ஒரு மாசம் முன்னாடியே புக் பண்ணிட்டார். ரீஃபண்ட் கிடையாதுன்னு பொடி எழுத்துல போட்டிருந்தத ரெண்டு பேரும் படிக்கல.

முதல் நாள் காலைல ஜன்னலைத் திறந்தா வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, மேட்டர்ஹார்ன் மலை உச்சில மட்டும் ஆரஞ்சு வெயில். கீழ்ல ஒரு இலை அசையல. கிளம்பிப் போனா போர்டுல மேல் லிஃப்ட் எல்லாம் சிவப்பு. 3,883 மீட்டர்ல இருக்கிற ஸ்டேஷன்ல காத்து அடிக்குதாம், இத்தாலி பக்க லிஃப்டும் மூடிட்டாங்க. கவுன்டர்ல இருந்த பொண்ணு பாவம் மரியாதையாத்தான் பேசினா, வெளி சைட்ல வாங்கினதுக்கு எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டா. ரெண்டாவது நாளும் அதே சிவப்பு.

அன்னிக்கு பிரேக்ஃபாஸ்ட்ல நாங்க சண்டை போட்டுட்டிருந்தத கேட்டு கிச்சன்லேர்ந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் எட்டிப் பாத்தார். "காலமை எழும்பினதும் லிஃப்ட் ஓடுதோ எண்டு பாத்திட்டுக் காசைக் கட்டுங்கோ தங்கச்சி. அந்தப் பக்கம் போய் லிஃப்ட் மூடினா டாக்சில மலையைச் சுத்தி வர பல மணித்தியாலம் செல்லும்" எண்டார். இவர் முகத்தைப் பாக்கணுமே, சாப்பாட்டு ஆசை அந்த இடத்துலயே போச்சு.

பூட்ஸ் கதை தனி. குளிருமேன்னு ரெண்டு தடி சாக்ஸ் போட்டு வாடகை பூட்ஸை மாட்டினேன், ஒரு மணி நேரத்துல முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்ச மாதிரி வலி. கடையில போய் நின்னா அந்தப் பையன் சாக்ஸ் ரெண்டையும் கழட்டச் சொல்லி ஒரே ஒரு மெல்லிசு சாக்ஸ் கொடுத்து அரை சைஸ் சின்ன பூட்ஸ் போட்டுவிட்டான், காசு வாங்கல. வலி போயிடுச்சு! சூடு வேணும்னு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு இன்னும்தான் குளிருமாம்.

அப்புறம் சுரங்க ரயில்ல மேல இருக்கிற சுன்னெக்கா போய் குழந்தைங்களோட குழந்தையா கார்பெட் லிஃப்ட்ல, அதான் நின்னா மேல இழுத்துட்டுப் போற பெல்ட், ஏறி ஏறி இறங்கினோம். அஞ்சு வயசுப் பொடிசு ஒண்ணு என்னைச் சுத்தி ரெண்டு ரவுண்டு போயிட்டுது. கடைசி நாள் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில், 1898லேர்ந்து ஓடுது, அன்னிக்கும் ஓடுச்சு. ஏறும்போது வலது பக்க சீட்டைப் பிடிங்க, மேட்டர்ஹார்ன் அந்தப் பக்கம்தான். 3,089 மீட்டர்ல இறங்கி தெர்மாஸ் டீயைக் குடிச்சப்பதான் இவர் வாயிலேர்ந்து "சாரி" வந்துச்சு.

ரீஃபண்ட் கேட்டு அந்த சைட்டுக்கு மூணு மெயில் போட்டாச்சு. பரிசீலனைல இருக்காம்.