30 நொடி அனிமேஷன் விளம்பரம் = 750 பிரேம்

நொடிக்கு 25 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிச் சட்டம்) கணக்கில் 30 நொடிக்கு 750 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 375 படம் வரைந்தால் போதும். ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் இந்தச் சிக்கனம் எடுபடாது. பின்னணி ஒவ்வொரு பிரேமுக்கும் நகரும், ஆள் இரண்டு பிரேமுக்கு ஒருமுறைதான் நகர்வார். கால் தரையில் வழுக்கும், உருவம் உதறும். அங்கே மட்டும் பிரேமுக்கு ஒரு படம்.

குரல் பதிவு முடியாமல் வாயசைவில் கை வைக்கவே கூடாது. ப, ம வரும் இடத்தில் உதடு மூடும் படம் ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முன்னால் இருக்கட்டும். பின்னால் போனால் உடனே கண்ணை உறுத்தும்.

டைட்டில் (திரையில் பெயர்கள் வரும் பகுதி) வேலை என்றால் பெயர்களைப் பின்னணியோடு சேர்த்து ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை உருவாக்கித் தருவது) போடாதீர்கள். பெயர்ப் பட்டியல் கடைசி நாள்வரை மாறும் (இனிஷியல் சண்டை தனிக்கதை!). எழுத்து தனி லேயரில் (தனி அடுக்கில்) இருக்கட்டும். இருப்பதிலேயே நீளமான பெயரை வைத்து இடம் பாருங்கள். தமிழில் எழுத்தெழுத்தாகத் தோன்றவைத்தால் 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து வரலாம். எழுத்தை ஷேப்பாக (வெறும் வரைவடிவமாக) மாற்றி, ஒவ்வொன்றையும் கையால் சேர்த்துக் கட்டுவது ஒரு வழி. இன்டர்லேஸ் (படத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிக் காட்டும்) ஒளிபரப்பு என்றால் ஒரு பிக்சல் கிடைக்கோடு மினுமினுக்கும். இரண்டுக்குக் குறையாமல் போடுங்கள்.

ரெண்டரை வீடியோவாக எடுக்காமல் பிரேம் பிரேமாகப் படக் கோப்புகளாக எடுங்கள். 412-வது பிரேமில் மெஷின் நின்றாலும் 412-லிருந்தே தொடரலாம்.