பாதி டேங்கர்: மண்டபத்தில் லாரிக்காரர்கள் சொன்ன கடல்

ராமேஸ்வரத்தில் தனுஷ்கோடி போய்வர வேனுக்கு ஆளுக்கு 400 ரூபாய் கேட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மணலில் சக்கரம் புதையப் புதைய ஓட்டிய காலத்தில் கேட்டிருந்தால் நியாயம். 2017-லேயே அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அரசு டவுன் பஸ்ஸும் அந்தப் பக்கம் ஓடுகிறது. தயவுசெய்து பஸ்ஸில் போங்கள். நின்றுகொண்டே போனாலும் இரண்டு பக்கமும் கடல் அதே கடல்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் அமைதியான வடக்கைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள்.

இடிந்த தேவாலயம், ரயில் நிலையம், 1964 டிசம்பர் புயல், அலையில் போன பாசஞ்சர் ரயில். இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன். எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மண்டபம் என்ற ஊரில் கழிந்த அந்த ராத்திரியை முதலில் சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியவில்லை.

திரும்பும் வழியில் நான் ஏறிய பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போதே இருமிக்கொண்டிருந்தது. மண்டபம் வந்ததும் நின்றேவிட்டது. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் கண்டக்டர் பதில் சொல்லவில்லை, டிக்கெட் காசும் திருப்பித் தரவில்லை. அன்று பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். காற்று கண்ணில் மண்ணை வாரி அடித்தது. சாலையோரம் வரிசையாக மீன் லாரிகள், அவற்றுக்கு எதிரே ஒரு பரோட்டா கடை. உள்ளே போனேன்.

முதலில் சாப்பாடு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே பாறை மீன் குழம்பு ஊற்றினார்கள். புளியும் மிளகாயும் சரிசமமாக நின்ற குழம்பு. கூடவே கணவாய் வறுவல், ரப்பர் மாதிரி இழுக்காமல் பல்லில் பட்டதும் அறுந்தது. எல்லாம் சேர்த்து 160 ரூபாய். ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறிப்போன சாம்பாருக்கு நான் கொடுத்தது இதைவிட அதிகம்.

பக்கத்து மேசையில் லாரிக்காரர்கள். படகுகள் கடலுக்குப் போகாததால் ஏற்றுவதற்கு மீன் இல்லை, பேச நேரம் இருந்தது. "இந்தக் காத்துல லாரி ஓட்டப் பயமா இருக்காதாண்ணே?" என்று ஒருவரிடம் கேட்டேன். தொண்டிப் பக்கத்துக்காரர், பல வருஷம் ஓமானில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர்.

"பாலத்துல என்ன பயம் தம்பி? பாலம் ஆடாதுல்ல. லாரியோட கப்பல்ல ஏறிப் பாரு, அப்பத் தெரியும்."

ஓமானின் கிழக்குக் கரைக்கு அப்பால் மசீரா என்று ஒரு தீவு. ஷன்னா என்ற துறையிலிருந்து லாரிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். இவர் ஓட்டிய காலத்தில் அவை முன்பக்கப் பலகையை இறக்கி வண்டி ஏற்றும் சின்னத் தட்டைக் கப்பல்கள். லாரியை ரிவர்ஸில் ஏற்றினால்தான் இறங்கும்போது நேராக இறங்கலாம். ஆழம் குறைவு, அதனால் தண்ணீர் ஏறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். கடந்து போக ஒன்றரை மணி நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வெளுத்து வாங்கும். "நாம கச்சான்னு சொல்றோம்ல, அதேதான். இங்க வர்றதுக்கு முன்னாடி அங்க அடிச்சுட்டு வருது."

அவர் ஓட்டியது தண்ணீர் டேங்கர். ஒருநாள் துறைக்கு முன்னால் ரோடு போடும் கேம்ப்பில் பாதித் தண்ணீரை இறக்கச் சொல்லிவிட்டார்கள். மீதியோடு கப்பலில் ஏறியிருக்கிறார். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சங்கிலி போட்டுக் கட்டி, எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார்.

"லாரி நின்ன இடத்துல நிக்குது. உள்ள இருக்கிற தண்ணி நிக்கலையே! கப்பல் இடப்பக்கம் சாஞ்சா தண்ணி மொத்தமும் இடப்பக்கம் ஓடுது. கப்பல் நிமிரப் பாக்குது, தண்ணி விடமாட்டேங்குது. அதுக்குள்ள அடுத்த அலை. முழு டேங்கருக்கும் பயமில்ல, காலி டேங்கருக்கும் பயமில்ல. பாதி டேங்கர்தான் எமன்."

ஒரு சங்கிலி அறுந்து கப்பல் தட்டில் அடித்த சத்தத்தை அவர் மேசையில் டம்ளரைத் தட்டிக் காட்டினார். வண்டிக்குள் உட்கார்ந்தால் லாரியோடு கடலுக்குள் போகணும், வெளியே நின்றால் அலை அடித்துக்கொண்டு போகும். அதனால் கதவைத் திறந்துவைத்து ஒரு கால் படியிலும் ஒரு கால் தட்டிலுமாக நின்றிருக்கிறார். கடைசியில் கப்பலை ஓட்டிய நாகுதா அதன் முகத்தை அலைக்கு நேரே திருப்பினார். பக்கவாட்டு ஆட்டம் குறைந்தது. மசீராவுக்குப் போய்ச்சேர இன்னும் நேரமானது, ஆனால் உயிர் இருந்தது. "ரோட்டுல எது வந்தாலும் ஸ்டீரிங் என் கையில. அன்னைக்கு எல்லாம் இன்னொருத்தன் கையில. அதுதான் தம்பி தாங்க முடியாதது" என்றார். எதிரே இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

கீழக்கரைக்காரர் ஒருவர் சவூதியில் ட்ரெய்லர் ஓட்டியவர். செங்கடல் கரையில் துபா துறைமுகம் வரை லோடு கொண்டுபோவார், அங்கிருந்து எகிப்தின் சஃபாகாவுக்குக் கப்பல். 2006 பிப்ரவரி 3-ம் தேதி அந்த வழியில் மூழ்கிய அல் சலாம் பொக்காச்சியோ கப்பலைப் பற்றி அவர்தான் ஆரம்பித்தார். சுமார் 1,400 பேர் ஏறிய கப்பல், 1,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலும் விடுமுறைக்கு ஊர் திரும்பிய எகிப்தியத் தொழிலாளிகள். வண்டிகள் நிற்கும் தளத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் பீய்ச்சிய கடல்நீர் வடியாமல் அந்தத் தளத்திலேயே தேங்கியது. கப்பல் சாய்ந்த பக்கமெல்லாம் அந்த நீரும் ஓடி, காற்றும் சேர்ந்துகொள்ள, கப்பலே கவிழ்ந்தது. ஓமான் அண்ணன் சட்டென்று சொன்னார்: "பாத்தியா, கப்பலே பாதி டேங்கராயிடுச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கப்பல் கட்டுகிறவர்கள் கணக்குப் போட்டு விளக்குகிற விஷயத்தை இவர் ஒரு சங்கிலி அறுந்ததில் தெரிந்துகொண்டிருக்கிறார். கப்பல் நிலைகுலைய கடல் முழுக்க உள்ளே வர வேண்டியதில்லை. அகலமான தளத்தில் தடுப்பில்லாமல் ஓடுகிற கொஞ்சம் தண்ணீர் போதும்.

கல்லாவில் இருந்த பெரியவர் அதுவரை வாயே திறக்கவில்லை. இளவயதில் லாரி கிளீனராக இருந்தவராம். 1988 அக்டோபர் 2-ம் தேதி ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறக்கும்வரை தீவுக்கு ரோடே கிடையாது. லாரிகள் மண்டபத்தோடு நிற்கும், சரக்கை இறக்கி ரயிலில் ஏற்றுவார்கள். "எங்க லோடு கடல் தாண்டும், நாங்க தாண்ட மாட்டோம்" என்றார். ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ராமானுஜம் கப்பலைப் பார்த்திருக்கிறார். 1964 வரை அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடியிலிருந்து நடந்தது, புயலில் துறையே போனபிறகு ராமேஸ்வரத்துக்கு மாறி, 80-களில் நின்றும் போனது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பல் விட்டதைச் சொன்னேன். பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: "ஆள் ஏத்துற கப்பலா, லாரி ஏத்துற கப்பலா?" ஆள் மட்டும்தான் என்றேன். "அப்பச் சரி" என்று மறுபடி காசு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் தீர்த்தம் ஆடுகிறார்கள், புதுப் பாம்பன் பாலத்தைப் படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். மண்டபத்தில் யாரும் இறங்குவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். இந்தக் கரையில் கடலைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆட்கள் இந்தப் பரோட்டா கடைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டால் விடிய விடியச் சொல்கிறார்கள். பணமும் அதிகம் ஆகாது. மண்டபத்தில் ஒரு சாதாரண அறை எனக்கு 600 ரூபாய்க்குக் கிடைத்தது. மின்விசிறி சத்தம் போட்டது, பாத்ரூம் சுத்தமாக இருந்தது. ராமநாதபுரத்துக்குக் காலையில் பஸ் தாராளம்.

போவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேண்டாம். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை, மீன் லாரிகள் குறைந்துவிடும், ஓமான் அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கம் செங்கல் ஏற்றப் போய்விடுவாராம்.