இரண்டாம் கார்பனில் ஓர் ஆக்சிஜன்

ஜூன் 4

டி.என்.ஏ.வைப் புத்தகத்தில் பார்ப்பது வேறு, பென்சிலால் அணு அணுவாக வரைவது வேறு. இன்று அதன் இழையின் ஓர் அலகான நியூக்ளியோடைடு ஒன்றை மட்டும் வரைந்தேன். நடுவில் ஐந்து கார்பன் கொண்ட சர்க்கரை. அதன் முதல் கார்பனில் நைட்ரஜன் காரம், ஐந்தாவதில் பாஸ்பேட். அடுத்த நியூக்ளியோடைடின் பாஸ்பேட் இதன் மூன்றாவது கார்பனில் வந்து ஒட்டிக்கொள்ளும். இழை இப்படித்தான் நீள்கிறது. அதனால் அதற்குத் திசையும் வந்துவிடுகிறது: ஒரு முனை 5′, மறுமுனை 3′. எதிரிலுள்ள இழை தலைகீழாக ஓடும்.

ஜூன் 5

இன்று காரங்கள். அடினைனும் குவானைனும் இரட்டை வளையம். சைட்டோசினும் தைமினும் ஒற்றை வளையம். எப்போதும் பெரியதோடு சிறியதுதான் சேரும் என்பதால் இரு இழைகளும் சேர்ந்த சுருளின் அகலம் எங்கும் ஏறக்குறைய 2 நானோமீட்டர். அடினைன்-தைமின் ஜோடிக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்புகள், குவானைன்-சைட்டோசினுக்கு 3.

அடினைன் எவ்வளவோ தைமினும் அவ்வளவு என்று வேதியியலாளர் சார்காஃப் ஏற்கெனவே அளந்து சொல்லிவிட்டார். காரணம் 1953-இல் வாட்சனும் கிரிக்கும் கட்டிய இரட்டைச் சுருள் மாதிரியில்தான் தெளிவானது. ஆனால் அவர்கள் 1951-இல் கட்டிய முதல் மாதிரியில் பாஸ்பேட்டுகள் உள்ளே இருந்தன. அவை வெளியேதான் இருக்க வேண்டும் என்று சொன்னவர், எக்ஸ் கதிரால் டி.என்.ஏ.வை ஆராய்ந்த ரோசலிண்ட் பிராங்க்ளின். இந்தக் கதையை யார் சொன்னாலும் அவர் பெயரை முதலிலேயே சொல்ல வேண்டும் என்பேன்.

ஜூன் 9

டி.என்.ஏ.வின் உறவுக்கார மூலக்கூறான ஆர்.என்.ஏ.வுக்கு வந்தாயிற்று. சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் டி.என்.ஏ.வுக்கு வெறும் ஹைட்ரஜன், ஆர்.என்.ஏ.வுக்கு அங்கே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில். வரைந்து பார்த்தால் ஓர் அணுதான் கூடுதல்.

அந்த ஆக்சிஜன் சும்மா இருக்காது. பக்கத்திலேயே, மூன்றாவது கார்பனில், பாஸ்பேட் இருக்கிறதே! காரக் கரைசலில் (இது அமிலத்துக்கு எதிரான காரம், நைட்ரஜன் காரம் அல்ல) ஹைட்ராக்சில் தன் ஹைட்ரஜனை இழந்ததும் அந்த ஆக்சிஜன் பாஸ்பேட்டைத் தாக்கும். இழை அங்கேயே அறுந்துவிடும். அதே கரைசலில் டி.என்.ஏ.வின் இரு இழைகள் பிரியுமே தவிர, சர்க்கரை-பாஸ்பேட் முதுகெலும்பு லேசில் உடையாது. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய மாமூத் பற்களிலிருந்து டி.என்.ஏ.வைப் படிக்க முடிந்ததில், உறைநிலக் குளிரோடு இந்த ஹைட்ராக்சில் இல்லாததற்கும் பங்கு உண்டு.

ஆர்.என்.ஏ.வைப் பலவீனமானது என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பாக்டீரியாவில், டி.என்.ஏ.விலுள்ள செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் சில நிமிடங்களே இருக்கும். அதை வெட்டி அழிக்க நொதிகளே இருக்கின்றன. பழைய தூது சீக்கிரம் போனால்தான் செல் அடுத்த வேலைக்குத் திரும்ப முடியும்.

ஜூன் 12

அப்புறம் யுராசில், ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக இருக்கும் காரம். அதோடு ஒரு மெத்தில் தொகுதி சேர்த்தால் தைமின். செலவு பிடித்த இந்தக் கூடுதல் வேலை டி.என்.ஏ.வுக்கு மட்டும் எதற்கு?

விடை சைட்டோசினில் இருக்கிறது. அது தண்ணீரோடு வினைபுரிந்து, தன் அமினோ தொகுதியை இழந்து, தானாகவே யுராசிலாக மாறிவிடும். டி.என்.ஏ.வில் யுராசில் இருக்கவே கூடாது என்றால், கண்ணில் படும் யுராசிலை எல்லாம் பழுது என்று நொதி வெட்டி எடுத்துவிடலாம். அதுவே டி.என்.ஏ.வின் சொந்த எழுத்தாக இருந்திருந்தால் எது அசல், எது பழுது என்று பிரிக்க வழியே இருக்காது. சில நிமிடமோ சில மணி நேரமோ இருந்துவிட்டுப் போகும் தூது ஆர்.என்.ஏ.வுக்கு இந்தக் காவல் தேவைப்படவில்லை.

ஜூன் 13

அதே ஹைட்ராக்சில்தான் ஆர்.என்.ஏ. மடங்கி உருவம் எடுக்கவும் கைகொடுக்கிறது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் அமினோ அமிலங்களைக் கோக்கும் இடத்தில் வேலை செய்வது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. அடுத்து, அமினோ அமிலங்களை அங்கே கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ.வை வரையப் போகிறேன். அதன் 3′ முனையில் அமினோ அமிலம் தொற்றிக்கொள்வதும் ஒரு ஹைட்ராக்சிலில்தான்.